செஸ்ஸில் டிரா: தானாக ஆவது எது, கேட்டு வாங்குவது எது?

கையில் ராணி இருக்கும்போதே ஆட்டம் டிரா ஆகிவிட்டதே, எப்படி? ஒரே நிலை மூன்று முறை வந்தும் நடுவர் ஏன் பேசாமல் நின்றார்? எதிராளிக்கு நேரம் தீர்ந்த பிறகும் எனக்கு ஏன் அரைப் புள்ளிதான் கிடைத்தது? செஸ் ஆடுபவர்கள் விதிகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பெரும்பங்கு இப்படி டிராவைச் சுற்றியே வரும். மேட், அதாவது ராஜா தப்பவே முடியாத செக், எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டிராவில்தான் வருகிறது.

காரணம் எளிது. டிரா என்பது ஒரு விதி இல்லை, பல விதிகளின் பொதுப்பெயர். அவற்றில் சில, நிலை உருவான அந்த நொடியே ஆட்டத்தை முடித்துவிடும். வேறு சில, ஆடுபவர் வாய் திறந்து கேட்டால்தான் நடைமுறைக்கு வரும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மேலே உள்ள கேள்விகளில் பாதி கரைந்துவிடும்.

## முதலில் சொற்கள்

இங்கே சொல்வதெல்லாம் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள். காய்களை ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று குறிப்பிடுகிறேன். மந்திரி என்ற சொல்லைச் சிலர் ராணிக்கும் சிலர் பிஷப்புக்கும் வைத்துக்கொள்வதால் அதைத் தவிர்த்துவிட்டேன்.

கட்டங்களுக்கு வழக்கமான பெயர்கள்தான். வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து கிடைவரிசைகள் 1 முதல் 8 வரை. நகர்த்தல்களை எண்ணும்போது வெள்ளையின் ஒன்றும் கறுப்பின் ஒன்றும் சேர்ந்ததுதான் ஒரு நகர்த்தல். ஐம்பது என்றால் ஆளுக்கு ஐம்பது.

டிராவுக்குப் போகும் வழிகள் இவை:

1. தானாக ஆவது: ஸ்டேல்மேட், செத்த நிலை, ஒரே நிலை ஐந்து முறை, 75 நகர்த்தல்.
2. கோரிப் பெறுவது: ஒரே நிலை மூன்று முறை, 50 நகர்த்தல்.
3. இருவரும் ஒப்புக்கொண்டு முடிப்பது.
4. கடிகாரம் கொண்டுவருவது: ஒருவருக்கு நேரம் தீர்ந்தும், மற்றவரால் மேட் செய்யவே வழியில்லாத நிலை.

## ஸ்டேல்மேட்: ராணியோடு வெற்றியை இழப்பது

ஆட வேண்டியவரின் ராஜாவுக்குச் செக் இல்லை, அதாவது அதை எந்தக் காயும் தாக்கவில்லை. ஆனால் விதிப்படி ஆடுவதற்கு அவரிடம் ஒரு நகர்த்தல்கூட இல்லை. இதுதான் ஸ்டேல்மேட். அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது. யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் மறுக்கவும் முடியாது.

புதிதாக ஆடுபவர்களின் வெற்றிகளை அதிகம் விழுங்குவது ஒரே ஒரு வடிவம். கறுப்பு ராஜா தனியாக ஏ8 மூலையில் இருக்கிறது. வெள்ளை ராணி சி7க்கு வருகிறது. ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் பிடியில் இருப்பதால் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் ஏ8க்குச் செக்கும் இல்லை. ராணி பி6இல் நின்றாலும் இதே கதைதான். மூலையில் இருக்கும் தனி ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைத்தால் ஸ்டேல்மேட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ராணி முடிவாட்டத்தில் நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்.

‘நகர முடியாதபடி எதிராளியைக் கட்டிப்போட்டவனுக்கு அரைப் புள்ளிதானா?’ என்று பலருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் புதிதல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஸ்டேல்மேட் செய்தவர் தோற்றதாகவே கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே அது டிராவாக மாறியது. முன்னாள் உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கர், ஸ்டேல்மேட்டுக்கு வெற்றிக்கும் டிராவுக்கும் இடைப்பட்ட மதிப்பைத் தரலாம் என்று யோசனை சொன்னார். அது ஏற்கப்படவில்லை.

என் பார்வையில் இன்றைய விதியே சரி. ஆட்டத்தின் முடிவுப் பகுதி முழுவதும் இந்த விதியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளை ராஜா இ6, வெள்ளைச் சிப்பாய் இ7, கறுப்பு ராஜா இ8, கறுப்பு ஆட வேண்டும் என்று வையுங்கள். டி8, எஃப்8 இரண்டையும் சிப்பாய் காக்கிறது. டி7, எஃப்7 இரண்டையும் ராஜா காக்கிறது. சிப்பாயை வெட்டவும் வழியில்லை. ஸ்டேல்மேட். இது வெற்றி என்று ஆகிவிட்டால், ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் தற்காத்து நிற்கும் வழிகளில் பலவும் மறைந்துவிடும். ஒரு சிப்பாயைப் பறிகொடுத்ததுமே ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான்.

தோற்றுக்கொண்டிருப்பவருக்கு ஸ்டேல்மேட் ஓர் ஆயுதமும்கூட. அவருடைய ராஜாவும் சிப்பாய்களும் அசைய முடியாமல் நிற்கின்றன, மீதி ஒரே ஒரு யானை. அது எதிர் ராஜாவை ஒட்டிப்போய்ச் செக் மேல் செக் கொடுக்கிறது. வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் செக் நிற்காது. மதம் பிடித்த யானை என்று சொல்ல நம் மொழியில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

உச்சக்கட்ட ஆட்டங்களிலும் ஸ்டேல்மேட் வந்திருக்கிறது. 1978இல் பாகியோவில் கார்ப்போவும் கோர்ச்னோயும் மோதிய உலகச் சாம்பியன் போட்டியின் ஐந்தாவது ஆட்டம் 124ஆம் நகர்த்தலில் ஸ்டேல்மேட்டில் முடிந்தது. உலகச் சாம்பியன் போட்டி வரலாற்றின் மிக நீண்ட ஆட்டமாக அது நெடுங்காலம் இருந்தது. 2021இல் துபாயில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல் வரை போய் அதைத் தாண்டியது.

## செத்த நிலை

இருவரும் சேர்ந்து எவ்வளவு மோசமாக ஆடினாலும், அதாவது எதிராளி வேண்டுமென்றே உதவினாலும், யாருக்கும் மேட் வர வழியே இல்லை என்றால் அது செத்த நிலை. ராஜாவுக்கு எதிராக ராஜா மட்டும், ராஜாவும் பிஷப்பும் எதிர் தனி ராஜா, ராஜாவும் குதிரையும் எதிர் தனி ராஜா ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. இரு பக்கமும் ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் ஒற்றை பிஷப் இருந்தாலும் அப்படித்தான். சிப்பாய்கள் பலகை முழுக்கச் சுவர் போலப் பூட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் உள்ளே நுழைய முடியாத நிலையும் இதில் சேரும்.

இங்கே அடிக்கடி வரும் கேள்வி: ‘இரண்டு குதிரைகளால் மேட் செய்ய முடியாதே, அப்படியானால் அதுவும் செத்த நிலைதானே?’ இல்லை. இரண்டு குதிரைகளால் தனி ராஜாவைக் கட்டாயப்படுத்தி மேட் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் எதிராளி தப்பாக ஆடினால் மேட் நிலை வரும். ‘முடியாது’ வேறு, ‘கட்டாயப்படுத்த முடியாது’ வேறு. கடிகாரத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடுதான் ஒருவருடைய வெற்றி தோல்வியையே முடிவு செய்யப்போகிறது.

## மூன்று முறை: எது ‘ஒரே நிலை’?

தப்பான நம்பிக்கைகள் அதிகம் குவிந்திருக்கும் விதி இது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. திரும்ப வர வேண்டியது நிலை, நகர்த்தல் அல்ல. யானையை மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டினால் மட்டும் டிரா ஆகாது. இடையில் எதிராளி வேறு காயை வேறு இடத்தில் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அது புது நிலை.

2. மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. 20ஆம் நகர்த்தலில் ஒரு முறை, 26இல் ஒரு முறை, 41இல் ஒரு முறை வந்தாலும் செல்லும். 1971இல் புவனஸ் அயர்ஸில் நடந்த தகுதிச் சுற்று இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தை ஃபிஷர் இந்த விதியைச் சொல்லித்தான் டிரா ஆக்கினார். மும்முறை வந்துவிட்டது என்பதை எதிரே இருந்த பெட்ரோசியான் கவனிக்கவே இல்லை என்று சொல்வார்கள். அவர் முன்னாள் உலகச் சாம்பியன்!

3. மூன்று முறையும் ஆட வேண்டியவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பலகை அச்சு அசலாக அதேதான், ஆனால் ஒரு முறை வெள்ளையின் முறை, இன்னொரு முறை கறுப்பின் முறை என்றால் அவை வெவ்வேறு நிலைகள்.

4. உரிமைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் முறை நிலை வந்தபோது காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்துவது) செய்யும் உரிமை இருந்தது, பிறகு ராஜா நகர்ந்து அந்த உரிமையை இழந்து திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குப் பலகை மாறவில்லை. விதிக்கு மாறிவிட்டது. அதேபோல், முதல் முறை ஆன்பாஸான் முறையில் (இரண்டு கட்டம் நகர்ந்து தன்னைக் கடந்த சிப்பாயை எதிர்ச் சிப்பாய் உடனே வெட்டுவது) சிப்பாயை வெட்ட வாய்ப்பு இருந்திருந்தால், அந்த வாய்ப்பு ஒரு நகர்த்தலோடு போய்விடுவதால், அந்த முதல் முறை கணக்கில் சேராது.

நான்காவது விஷயம் பெரிய ஆட்டக்காரர்களையும் வழுக்கியிருக்கிறது. 1986இல் டில்பர்க் போட்டியில் கார்ப்போவ், மைல்ஸ் ஆட்டம் மும்முறை என்று டிரா ஆனது. முதல் முறை அந்த நிலை வந்தபோது கறுப்புக்கு ராணிப் பக்கம் காஸ்லிங் செய்யும் உரிமை இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆக, அது மும்முறையே இல்லை.

சரி, ‘தொடர் செக் கொடுத்தால் டிரா’ என்று ஒரு விதி உண்டே? தனியாக அப்படி ஒன்று இன்றைய விதிகளில் இல்லை. நிற்காமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நிலை சீக்கிரமே மூன்று முறை வந்துவிடும், அப்போது கேட்டு வாங்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. பெரும்பாலும் அதுவரைக்கும் போகாது. இரண்டு பேரும் பார்த்துவிட்டுக் கை கொடுத்துவிடுவார்கள்.

தொடக்க ஆட்டத்தோடும் இதற்கு உறவு உண்டு. சில ஓப்பனிங்குகளில் பத்துப் பதினைந்து நகர்த்தல்களுக்குள்ளேயே நிலை திரும்பத் திரும்ப வரும் தடங்கள் இருக்கின்றன. பெர்லின் தற்காப்பின் ஒரு கிளை இதற்கென்றே பெயர்பெற்றது. பெரிய போட்டியில் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் இருபது நிமிடத்தில் எழுந்து போவதைப் பார்த்தால், பெரும்பாலும் இப்படி ஒரு தடத்தில் நடந்திருப்பார்கள்.

## ஐம்பது நகர்த்தல்: எப்போதிலிருந்து எண்ணுவது?

ஒரே நிலை மூன்று முறை வராமலே ஆட்டம் முடிவின்றி நீளலாம். அதற்குப் போட்ட வேலிதான் இது. கடைசி 50 நகர்த்தல்களில் எந்தச் சிப்பாயும் நகரவில்லை, எந்தக் காயும் வெட்டப்படவில்லை என்றால் டிரா கோரலாம். இரண்டில் ஒன்று நடந்தாலும் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஏன் இந்த இரண்டு மட்டும்? சிப்பாய் பின்னால் போகாது, வெட்டிய காய் திரும்பி வராது. ஆட்டம் உண்மையில் ஒரு படி நகர்ந்திருக்கிறது என்பதற்கு இவைதான் அடையாளம்.

தனி ராஜா ஆனதுமே எண்ணத் தொடங்கி, இத்தனை நகர்த்தலுக்குள் மேட் செய்யாவிட்டால் டிரா என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண்ணும் ஆளுக்கு ஆள் மாறும். அதிகாரப்பூர்வ விதிகளில் அப்படி எதுவும் இல்லை. எதிரே தனி ராஜா நின்றாலும் இதே ஐம்பதுதான், கடைசியாக வெட்டியதிலிருந்தோ சிப்பாய் நகர்ந்ததிலிருந்தோ.

ஐம்பது போதுமா? பிஷப்பும் குதிரையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வதுதான் அடிப்படை மேட்களில் மிகக் கடினமானது. மிக மோசமான நிலையிலிருந்தும் சரியாக ஆடினால் 33 நகர்த்தல் போதும். ஆனால் ‘சரியாக ஆடினால்’ என்பதில்தான் சிக்கல். 2013இல் ஜெனீவாவில் நடந்த பெண்கள் கிராண்ட் பிரீயில் அப்போதைய பெண்கள் உலகச் சாம்பியன் அன்னா உஷேனினா, ஓல்கா கிர்யாவுக்கு எதிராக இந்த முடிவாட்டத்தை ஐம்பதுக்குள் முடிக்க முடியாமல் டிரா செய்தார்.

உண்மையிலேயே ஐம்பது போதாத நிலைகளும் உண்டு. யானையும் பிஷப்பும் எதிர் யானை என்ற முடிவாட்டத்தில் சில நிலைகளிலிருந்து வெற்றி பெற 59 நகர்த்தல் வரை தேவை. இப்படிப்பட்டவற்றுக்காக ஒரு காலத்தில் விதிவிலக்கு கொடுத்து, எண்ணிக்கையை நூறு வரை நீட்டினார்கள். அதன் விளைவுதான் 1989இல் பெல்கிரேடில் நிகோலிச், அர்சோவிச் ஆடிய 269 நகர்த்தல் ஆட்டம். அவ்வளவு இழுத்தும் டிராதான். அப்புறம் 1992இல் ஃபிடே விதிவிலக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது.

கணினி இதற்கு ஒரு வேடிக்கையான முடிவுரை எழுதியிருக்கிறது. பலகையில் ஏழே காய்கள் உள்ள நிலைகளை முழுவதுமாகக் கணக்கிட்டபோது, இருபுறமும் தவறே இல்லாமல் ஆடி 549ஆம் நகர்த்தலில் மேட் வரும் நிலை ஒன்று கிடைத்தது. நிஜப் போட்டியில் எதிராளி அதற்கு வெகு முன்பே ஐம்பது நகர்த்தல் விதியைச் சொல்லி டிரா கேட்டுவிடுவார்.

## ஐந்தும் எழுபத்தைந்தும் எதற்கு?

மூன்று முறை வந்தும், ஐம்பது தாண்டியும், இருவருமே கேட்கவில்லை என்றால்? முன்பெல்லாம் ஆட்டம் அப்படியே போய்க்கொண்டிருக்கும். நடுவர் தலையிட முடியாது, கேட்கும் உரிமை ஆடுபவர்களுடையது. 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதற்கு ஓர் எல்லை போட்டன. ஒரே நிலை ஐந்து முறை வந்தாலோ, சிப்பாய் நகராமல் வெட்டும் இல்லாமல் 75 நகர்த்தல் கடந்தாலோ, யாரும் கேட்காமலே டிரா. எழுபத்தைந்தாவது நகர்த்தலே மேட்டாக இருந்தால் மேட்டுக்குத்தான் முதலிடம்.

இணையத்தில் ஆடிப் பழகியவர்கள் நேரடிப் போட்டியில் தடுமாறுவது இங்கேதான். செஸ்.காம் தளத்தில் மூன்றாவது முறை நிலை வந்ததும் ஆட்டம் தானாக முடிந்துவிடும். லிசெஸ் தளத்தில் மூன்றாவது முறைக்குப் பொத்தானை அழுத்திக் கேட்க வேண்டும், ஐந்தாவது முறைதான் தானாக முடியும். மேசைக்கு முன்னால் உட்காரும்போது விதி இரண்டாவதைப் போன்றது. நடுவர் பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் பேசாமல் இருப்பது கவனக்குறைவால் அல்ல, அதுதான் அவருடைய வேலை.

## கடிகாரம் தீர்ந்தால்

ஒருவருக்கு நேரம் தீர்ந்தால் அவர் தோற்றார். ஒரே விலக்கு: மற்றவரால் எந்த விதிமுறைப்படியான நகர்த்தல் வரிசையாலும் மேட் செய்யவே முடியாத நிலை என்றால் டிரா. இங்கே கேட்கப்படுவது ‘ஜெயிப்பாரா’ என்பதல்ல, ‘மேட் நிலை என்று ஒன்று கற்பனையிலாவது வருமா’ என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கறுப்பிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், வெள்ளையிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும். கறுப்பின் நேரம் தீர்ந்தது. ஒற்றைக் குதிரையால் என்ன செய்ய முடியும் என்று தோன்றும். ஆனால் கறுப்பு ராஜா ஏ1, கறுப்புச் சிப்பாய் ஏ2, வெள்ளை ராஜா சி1, வெள்ளைக் குதிரை பி3 என்று வைத்துப் பாருங்கள். மேட். கறுப்பின் சொந்தச் சிப்பாயே ராஜாவின் வழியை அடைக்கிறது. மேட் நிலை இருக்கிறது என்பதால் வெள்ளைக்கு முழுப் புள்ளி. கறுப்பிடம் சிப்பாய்க்குப் பதில் ராணி மட்டும் இருந்தால் டிரா. அப்போது ஒற்றைக் குதிரையால் எந்த வகையிலும் மேட் வராது. பலம் கூடினால் பாதுகாப்பும் கூடுகிறது, ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

2008இல் நால்சிக்கில் நடந்த பெண்கள் உலகச் சாம்பியன் போட்டியில் இது ஒருவருடைய பயணத்தையே தீர்மானித்தது. மோனிகா சோச்கோவும் சபினா ஃபோய்சோரும் ஆடிய கடைசி டைபிரேக் (சமநிலையை உடைக்கும்) ஆட்டம், அர்மகெடன் என்ற முறை. டிரா ஆனால் கறுப்பு ஆடும் ஃபோய்சோர் அடுத்த சுற்றுக்குப் போவார். இரண்டு பேரிடமும் ராஜாவும் ஒரு குதிரையும்தான் மிச்சம். ஃபோய்சோரின் நேரம் தீர்ந்தது. முதலில் டிரா என்றார்கள். சோச்கோ முறையிட்டார். குதிரைக்கு எதிராகக் குதிரை இருக்கும்போது மேட் நிலை வரும் என்பதால் தீர்ப்பு மாறியது, சோச்கோ முன்னேறினார். சந்தேகம் உள்ளவர்கள் பலகையில் வைத்துப் பார்க்கலாம்: கறுப்பு ராஜா ஏ1, கறுப்புக் குதிரை ஏ2, வெள்ளை ராஜா சி2, வெள்ளைக் குதிரை பி3.

இந்த விஷயத்தில் எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இல்லை. செஸ்.காம், நேரம் தீராதவரிடம் ராஜாவோடு ஒரு குதிரையோ பிஷப்போ மட்டும் இருந்தால் எதிரே என்ன இருந்தாலும் டிரா என்று எடுத்துக்கொள்கிறது. அதே நிலை ஃபிடே போட்டியில் வெற்றியாகலாம்.

## பேசி முடிப்பது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உங்கள் நகர்த்தலை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன் டிரா கேட்க வேண்டும். கேட்ட பிறகு திரும்பப் பெற முடியாது. எதிராளி ஏற்கும் வரை, வாயால் மறுக்கும் வரை, அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு காயைத் தொடும் வரை அது நிற்கும்.

அதிகம் பேசி முடித்தால் பார்வையாளர்களுக்கு அலுப்பு. 1984இல் தொடங்கிய கார்ப்போவ், காஸ்பரோவ் போட்டியில் 48 ஆட்டங்களில் 40 டிரா, கடைசியில் போட்டியே முடிவின்றி நிறுத்தப்பட்டது. அதனால் இன்று பல போட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று தனி விதி போடுகிறார்கள். அந்தத் தடை பேசி முடிப்பதற்கு மட்டும்தான். மும்முறை நிலையை அது தடுக்காது. பெர்லின் கிளை பிழைத்திருப்பது இந்த ஓட்டையில்தான்.

## கோருவது எப்படி?

சரியான நிலையில் இருந்துகொண்டே டிராவைக் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த முறையில்தான்.

1. உங்கள் முறையில் மட்டுமே கோரலாம். எதிராளியின் நகர்த்தலால் நிலை மூன்றாவது முறை வந்துவிட்டதென்றால், எதுவும் ஆடாமல் கோருங்கள்.

2. உங்கள் அடுத்த நகர்த்தலால்தான் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அதை நகர்த்தல்களைக் குறித்துவரும் தாளில் எழுதுங்கள். பலகையில் ஆடாதீர்கள். ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் கோரும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். அவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தால் எதற்குக் கேட்கப்போகிறார்?

3. காயைத் தொடாதீர்கள். நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டாலே அந்த முறைக்கான உரிமை போயிற்று.

4. கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். எந்த எந்த நகர்த்தலில் நிலை வந்தது என்று சொல்லத் தயாராக இருங்கள். தாளை ஒழுங்காக எழுதியிருப்பது இங்கேதான் கைகொடுக்கும்.

கோரிக்கை சரி என்றால் ஆட்டம் அங்கேயே டிரா. தவறு என்றால் எதிராளியின் நேரத்தில் இரண்டு நிமிடம் கூடும், அதிவேக ஆட்டமான பிளிட்ஸில் ஒரு நிமிடம். கோரிக்கையைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆட்டம் தொடரும்போது, தாளில் எழுதிக் காட்டிய அந்த நகர்த்தலையே நீங்கள் ஆடியாக வேண்டும்.